எல்லாம் அடக்கம்

மொன்றியலில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூலைக்கடை. இந்த ஊரில் அதைத் தெப்பனர் என்பார்கள். முன்பு அது ஒரு கிரேக்கக் கிழவரின் சப்பாத்துத் தைக்கும் கடை. தரையைக் கிளப்பி, குழாயை மாற்றி, குளிரறைக்குக் கதவு போட்டதெல்லாம் இந்தக் கைகள்தான். அதே தெருவில் மூன்று மாடி வீடு ஒன்று. வாங்கும்போது அதன் கூரை வழியாக வானம் தெரிந்தது. பியர்பொன்ட்ஸில் இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டின் நிலக்கீழ் அறையும் அதிலுள்ள குளியலறையும். கோயில் சமையற்கட்டில் இன்றைக்கும் அடைபடாமல் ஓடும் தண்ணீர்க் குழாய். தங்கச்சிமாரின் கலியாணங்கள். மனைவியின் தம்பியை இந்த நாட்டுக்கு எடுப்பித்தது. மகளின் படிப்பு, மகனின் படிப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பிரெஞ்சு மொழியை, பாத்திரம் கழுவிய இடத்தில் ஏச்சு வாங்கி வாங்கிப் படித்தேன். ஜான்-டலோன் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிய முதல் குளிர்காலத்தில் கையுறை இல்லாமல் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றேன். ஒருவரும் எனக்கு ஏணி பிடிக்கவில்லை.

இவ்வளவையும் கட்டிய என்னால் மனைவியை ஒரு கிழமை ஒரு கடற்கரைக்குக் கூட்டிப்போக முடியவில்லை. அந்தக் கதையைப் பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். ஆகவே நானே எழுதுகிறேன்.

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு மிஷின் அவளுடைய இரத்தத்தை எடுத்துக் கழுவித் திருப்பிக் கொடுக்கும். நான்தான் காரில் ஏற்றி இறக்குகிறேன். போன தை மாதம் அந்த வார்டில் வேலைசெய்யும் தாதி ஒருத்தி விடுமுறை முடிந்து, அவித்த இறால் மாதிரிச் சிவந்துபோய் வந்திருந்தாள். தெற்குக்குப் போனேன் என்றாள். இந்த ஊர்க்காரர்கள் பனிக்காலத்தில் கரீபியன் தீவுகளுக்குப் போவதை அப்படித்தான் சொல்வார்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது காருக்குள் மனைவி கேட்டாள்.

"இஞ்சருங்கோ, நாங்களும் ஒருக்காத் தெற்குக்குப் போவமே?"

எங்களுடைய ஆட்களுக்குத் தெற்கு என்றால் வேறு கணக்கு. சண்டைக் காலத்தில் ஊருக்குள் ஆமி வந்தது தெற்கிலிருந்துதான். நான் திகைத்துப்போய்ச் சிவப்பு விளக்கைக் கவனிக்கவில்லை.

"தெற்கோ? உமக்கென்ன விசரே?"

"ஐயோ, அந்தத் தெற்கில்லை. அந்த நேர்ஸ் பிள்ளை போன தெற்கு. அங்க கடல் சுடுதண்ணி மாதிரி இருக்குமாம். முழங்கால் மட்டும் நிண்டுபோட்டு வந்தாப் போதும் எனக்கு."

கடல் இருக்கும் நாட்டில்தான் அவள் பிறந்தாள். ஆனால் பெண்பிள்ளை என்று சிறுவயதில் காலை நனைக்க விடவில்லை. வளர்ந்தபோது கரை முழுவதும் முட்கம்பி. இங்கே வந்த பிறகு கடையில் நின்றாள். என்னிடம் ஒரு சேலைகூட வாய்விட்டுக் கேட்டவள் அல்ல. கேட்டது இது ஒன்றுதான்.

அடுத்த கிழமையே டொக்டரைப் பிடித்தேன். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. என்னுடைய பாத்திரம் கழுவின பிரெஞ்சில்தான் கேட்டேன். அவர், "இந்தக் குளிர்காலத்துக்குள் என்றால் சம்மதம். அடுத்த குளிர்காலத்தைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்" என்றார். அதற்கு மேல் விளக்கம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

புரோசார்ட்டில் ஒரு கடைத்தொகுதிக்குள் பயண முகவர் அலுவலகம் ஒன்று இருக்கிறது. அங்கே சென்னைப் பிள்ளை ஒருத்தி வேலைசெய்கிறாள். மனைவியையும் கூட்டிப்போய் அவளுக்கு முன்னால் உட்காரவைத்தேன்.

"ஆல் இன்க்ளூசிவ் எடுத்துக்கோங்க அங்கிள். ரூம், சாப்பாடு, டிரிங்க்ஸ், எல்லாமே அன்லிமிடெட். எவ்ளோ வேணா குடிக்கலாம்."

"பிள்ளை, இவ குடிக்கிற தண்ணியே டொக்டர் அளந்து குடுக்கிறது."

"ஐயோ, சாரி ஆன்ட்டி. அங்க இளநீர் ரொம்ப நல்லா இருக்கும்."

"இளநீர் இவவுக்கு நஞ்சு."

"வாழைப்பழம்? அங்கயே விளையறது."

"அதுவும் ஆகாது."

பிள்ளை பேனையை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ ஆன்ட்டி அங்க போய் என்னதான் பண்ணுவாங்க அங்கிள்?"

"நிப்பா," என்றேன். "கடலுக்குள்ள."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்.

அந்தப் பிள்ளை காட்டிய தீவுகளில் ஒன்றும் சரிவரவில்லை. கிட்டடியில் இரத்தம் கழுவும் இடம் இருக்க வேண்டுமே. நானே விசாரித்து, பிரெஞ்சு பேசும் தீவு ஒன்றைப் பிடித்தேன். மார்த்தினிக். ஹோட்டலிலிருந்து கொஞ்சத் தூரத்தில் அப்படி ஒரு இடம் உண்டு. தொலைபேசியில் அவர்களோடு வாதாடி, மிஷினுக்குப் பக்கத்தில் மனைவிக்கு ஒரு கதிரையை மறித்துவைத்தேன். ஆஸ்பத்திரி அறிக்கைகளை மின்னஞ்சலில் அனுப்பியது மகள். உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதை, எங்கே, யாருக்கு அனுப்புவது என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான். மகள் செய்தது தட்டெழுத்து வேலை.

இனி ஒரே ஒரு குறைதான். மனைவியைக் குளிக்க வார்க்க, உடுப்பு மாற்ற, மணலில் தாங்கிப் பிடிக்க ஒரு பெண் துணை வேண்டும். இறக்கிய மூட்டைகளெல்லாம் திரும்பி என் முதுகில் ஏறிக்கொண்டதால் என்னால் அவளைத் தூக்க ஏலாது. மகள் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். ஒரு கிழமை பூட்டினால் பெற்றோர் வேறு இடம் பார்ப்பார்கள். மகன் தொட்டுக் குளிக்க வார்க்க மனைவி விடமாட்டாள். ஆகவே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்போம் என்று தீர்மானித்தேன். பாரிஸ், லண்டன், சுவிஸ், ரொறன்ரோ என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள்.

இத்தனை பேர் பார்க்கும் இடத்தில் பேச்சுத் தமிழில் எழுதினால் மதிப்பில்லை. நல்ல தமிழில் எழுத வேண்டும். நான் நாள்தோறும் வாசிக்கும் நல்ல தமிழ் என்றால், இணையத்தில் வரும் மரண அறிவித்தல்கள்தான். வயது போனவர்கள் எல்லோரும் காலையில் அதைத்தானே முதலில் பார்க்கிறோம். அதன் வசனங்கள் எனக்கு மனப்பாடம். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மனைவியின் படத்தையும் சேர்த்து இப்படிப் போட்டேன்:

"நீர்வேலியைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட என் பாசமிகு மனைவியின் தெற்குப் பயணம், மாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை. எல்லாம் அடக்கம். துணைக்கு வரக்கூடிய பெண்கள் தொடர்புகொள்ளவும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

இதில் என்ன பிழை என்று இன்றைக்கும் கேட்பேன். அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்தி என்பதைத் தமிழில் அடக்கம் என்றுதானே சொல்வது? ஆனால் எங்கள் சனம் முழுவதையும் வாசிக்காது. தெற்கு எமனுடைய திசை. பயணம் என்றால் கடைசிப் பயணம். அடக்கம் என்றால் புதைகுழி. கீழே சிரிப்பில்லாத படம் வேறு.

ரொறன்ரோவிலிருந்து மனைவியின் தம்பிதான் முதலில் தொலைபேசியில் அழைத்தான். விக்கி விக்கி அழுகிறான். துணைக்கு ஆள் கிடைக்காததற்கா அழுகிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

"அத்தான்... பெட்டி எடுத்தாச்சோ?"

"ஓமோம். நல்ல பெட்டி. சில்லுப் பூட்டினது."

அழுகை நின்றது. "சில்லோ?"

"நாலு சில்லு. ஒரு விரலால இழுக்கலாம். உன்ரை அக்காதான் கலர் தெரிஞ்செடுத்தவ. ஊதா."

"அத்தான், நீங்கள் தனிய இருக்காதேங்கோ. பிள்ளையளைக் கூப்பிடுங்கோ. நாங்கள் வெளிக்கிட்டு வாறம்."

எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருக்கிறான். பனிப்புயலுக்குள் காரோட்டி, பின்னேரம் பெண்சாதியோடு வந்து சேர்ந்தான். கையில் வெள்ளைப் பூக்கொத்து. கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி. சோபாவில் போர்த்துக்கொண்டு நாடகம் பார்த்திருந்த மனைவி தலையைத் திருப்பாமலே சத்தம் போட்டாள்.

"ஆரது? சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. ஸ்னோ எல்லாம் உள்ளுக்கு வருது."

தம்பி அப்படியே வாசல் மிதியடியில் குந்திவிட்டான். அவனுடைய பெண்சாதி பூக்கொத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

அன்று பின்னேரம் முழுக்கச் சிரிப்புத்தான். மனைவி என் தொலைபேசியை வாங்கி, கண்ணீர் அஞ்சலிகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். வந்து இறங்கிய அன்று சோறு போட்ட தெய்வம் என்று ஒருவர். வயிற்றில் பிள்ளையோடு கல்லாவில் நின்ற இரும்புப் பெண் என்று ஒருத்தி. கடையைக் கட்டி எழுப்பிய அக்கா என்று லண்டனிலிருந்து ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"கடையைக் கட்டினது ஆர்?"

"விடுங்கோப்பா. செத்த ஆக்களை அப்பிடித்தான் சொல்லுவினம்."

மறுநாள் சிரிப்பு முடிந்துவிட்டது. தம்பியின் பெண்சாதி துணைக்கு வருவாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. புறப்படும்போது மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. ஆகாத சொல் விழுந்திட்டுது. இந்தப் பயணம் வேண்டாம். பேந்து பாப்பம்."

பேந்து என்றால் பிறகு. பிறகு என்றால் எப்போது? டொக்டர் சொன்னதை முதல்நாள் இரவே தம்பியின் பெண்சாதிக்கும் சொல்லியிருந்தேன். ஆனாலும் பேந்து என்றாள்.

குழுவில் நான் விளக்கம் எழுதினேன். ஆள் உயிரோடு இருக்கிறா, துணைக்குத்தான் கேட்டேன் என்று. கும்பிடும் கைப் படங்கள் வந்தன. வாறன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சம்பளத்துக்கு ஒரு தாதியைப் பிடிக்கலாம் என்றேன். மனைவி அசையவில்லை.

"எல்லாரும் அழுது முடிச்சிட்டினமப்பா. இனி நான் அங்க நிண்டு சிரிச்சுக்கொண்டு படம் அனுப்பினா என்ன நினைப்பினம்?"

"நினைக்கிறவை நினைக்கட்டும். நீர் வாரும்."

"அந்தத் தண்ணிக்குள்ள நிண்டாலும் எனக்கு இனி உந்த அறிவித்தல்தான் நினைவு வரும். என்னை விடுங்கோ."

இரண்டு பெட்டிகளையும் நிலக்கீழ் அறையில் இறக்கிவைத்தேன். அவளுடைய மனத்தைத் திருப்பலாம் என்று பார்த்திருந்தேன். அதற்குள் மிஷின் குழாய் போடும் இடத்தில் கிருமி பிடித்துக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலேயே மறித்துவைத்துவிட்டார்கள். மாசியின் கடைசி வெள்ளிக்கிழமை அவள் ஜன்னலோரக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். வெளியே பனி கொட்டியது. பயண முகவர் பிள்ளை அழைத்தாள்.

"அங்கிள், தேதி மாத்திடலாமா?"

"எந்தத் தேதிக்குப் பிள்ளை?"



வீட்டுக்கு வந்த பிறகு மனைவி குளியலறைக்குப் போகவே கைப்பிடித்து நடக்கிறாள்.  பயணம் பற்றி நான் கேட்டபோது டொக்டர் அவளுடைய அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். அந்தத் தட்டுக்கு அர்த்தம் தெரியாதவன் அல்ல நான். தீவில் மறித்த கதிரையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கடலைப் பற்றி அவளும் கதைப்பதில்லை. நான் தொலைபேசியில் படம் காட்டினால் பார்த்துவிட்டு, வடிவாய் இருக்கு என்று சொல்லி, மறுபக்கம் திரும்பிப் படுக்கிறாள்.

போன மாதம் பேத்தியின் பிறந்தநாள். மகள் வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். மனைவி மூலையில் ஒரு சாய்கதிரையில் இருந்தாள். மருமகன் யாரோ ஒருவருக்குச் சொல்கிறான்: "மாமியின்ரை பயணத்துக்கு என்ரை பெண்சாதிதான் எல்லாம் ஒழுங்கு செய்தவ. மாமா ஒரு மெசேஜைப் போட்டுக் கவிட்டுப்போட்டார்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டேன். மகள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். இல்லை, அப்பாதான் என்று ஒரு சொல் சொல்லவில்லை.

மகள், மகன், மருமகன் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். அம்மா இனிக் கடலைக் காணப்போவதில்லை. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை மாற்றச் சொல்லி நான் ஒருவரையும் கேட்கவில்லை. ஆனால் டொக்டரிடம் சம்மதம் வாங்கியவன் நான். தீவைப் பிடித்தவன் நான். அவளுக்குக் கதிரை மறித்தவன் நான். அப்பா போட்ட அறிவித்தலால் பயணம் நின்றது என்று சொல்லும் அதே வாயால், பயணத்தை உண்டாக்கியவரும் அப்பாதான் என்று சொல்ல வேண்டும். முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லுங்கள். அம்மாவின் காது கேட்கச் சொல்லுங்கள். பேந்து அல்ல, இப்போது.