நான் எழுதாமல் விட்ட பெயர்

எங்கள் ஒழுங்கை கட்சி மாறாது என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கொட்டாஞ்சேனையில் பஸ் போகும் தெருவிலிருந்து உள்ளே பிரியும் குறுகிய ஒழுங்கை அது. இரண்டு த்ரீவீலர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போகவேண்டும். கிறிஸ்தவ வேதக்காரரும் சைவக்காரருமாக இருபத்தெட்டு வீடு. தேர்தல் வந்தால் மற்றக் கட்சிக்காரர்கள் ஒழுங்கை முகப்பில் நின்று நாலு நோட்டீசை நீட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே வந்து பிரயோசனமில்லை என்று அவர்களுக்கே தெரியும். அந்தப் பெருமையில் பாதி என்னுடையது என்று நினைத்திருந்தேன். பாதி என்ன, முழுக்கவும்தான்.

சும்மா நினைக்கவில்லை. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்காக வேலை பார்த்தவன் நான். சிங்களத்திலும் இங்கிலீசிலும் படிவம் நிரப்பத் தெரிந்தவன் ஒழுங்கையில் அப்போது நான் ஒருவன்தான். யுத்த காலத்தில் கொழும்பிலிருந்த தமிழர் வீடுகளில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் போதும், சோதனைக்கு வருகிற அன்று அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே எல்லாரும் வெற்றுப் படிவத்தின் அடியில் கையெழுத்தை மட்டும் வைத்து என்னிடம் தந்துவிடுவார்கள். மிச்சத்தை நான் நிரப்புவேன். ஹற்றனிலிருந்து வேலை தேடி வந்த மருமகன், மன்னாரிலிருந்து வைத்தியத்துக்கு வந்த மாமி, ஒருவரையும் நான் விட்டதில்லை. யுத்தம் முடிந்து அந்தப் படிவம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. யார் யார் வாக்குப் போடலாம் என்ற வாக்காளர் இடாப்புக்கென்று கிராம சேவகர் கொடுக்கும் படிவமும் அப்படியே, அடியில் ஒரு கையெழுத்தோடு வெறுமையாக என் மேசைக்கு வரும்.

கையெழுத்துகளோடு வாக்குகளும் வந்தன. யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் நான் எங்கள் கட்சிப் பெரியவருக்கு ஃபோன் எடுப்பேன். அவர் பொலிசுக்கு எடுப்பார். சிலவேளை ஆள் பின்னேரமே வீட்டுக்கு வந்துவிடும். அந்தக் கட்சி எங்களுக்கு வேறென்ன செய்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. மற்றவன் வந்தால் என்ன செய்வானோ என்ற பயமே எங்களுக்குப் போதும். வாக்குச்சீட்டில் தகப்பன் புள்ளடி போட்ட இடத்திலேயே மகனும் போட்டான்.

எதிர்வீட்டுப் பிள்ளைதான் இதைக் குழப்பினாள். அவள் கணக்கு டீச்சர். முன்னறையில் உட்கார இரண்டு நீள வாங்கு போட்டு ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறாள். அவளுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் பிழையாக விழுந்திருந்ததை அலைந்து திரிந்து திருத்திக் கொடுத்தவன் நான். அப்போது அவள் பாவாடை கட்டிக்கொண்டு ஓடித் திரிந்த வயது. அந்தப் பிள்ளை, ஒருகாலத்தில் பெயரைச் சொன்னாலே எங்கள் ஒழுங்கையில் கதவைச் சாத்திக்கொள்கிற ஒரு கட்சியில் போய்ச் சேர்ந்தது. வயதுக் கோளாறு, கலியாணம் கட்டினால் சரியாகிவிடும் என்று நான் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு சமையல் காஸ் இல்லாத காலம் வந்தது. தெரு முழுக்கச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டுச் சனம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நான் பெரியவருக்கு ஃபோன் எடுத்தேன். முதல் நாள் எடுக்கவில்லை, இரண்டாம் நாள் ஃபோனே நிறுத்தியிருந்தது. கட்சித் தலைப்பிட்ட கடதாசியில் கடிதம் எழுதினேன், அது எங்கே போனதோ தெரியாது. அந்தப் பிள்ளையோ ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து வந்து சிலிண்டருக்கெல்லாம் இலக்கம் போட்டு, யார் எத்தனை மணிக்கு வந்து நிற்கவேண்டும் என்று எழுதி ஒட்டினாள். வயதானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். தன் வீட்டுச் சிலிண்டரைக் கடைசியில் வைத்தாள். என் வீட்டுச் சிலிண்டர் ஒன்பதாவது. அந்தக் கொப்பியில் என் பெயரை எழுதித்தான் நான் காஸ் எடுத்தேன் என்பதை இன்றைக்கும் என்னால் செமிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு சனம் என் வீட்டைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போகத் தொடங்கியது. காலையில் பேப்பர் விரித்தபடி ஜன்னலருகே இருந்து எண்ணுவேன். மெக்கானிக் போனார். கோயிலுக்குப் பூக் கட்டுகிறவர் போனார். சனிக்கிழமைகளில் அங்கே கூட்டம் என்று பெயர், உண்மையில் கதைதான். என்னிடம் வந்தால் நான் கதிரையில் இருப்பேன், அவர்கள் நிற்பார்கள். அங்கே எல்லாரும் அந்த ரியூசன் வாங்குகளில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். சிரிப்புச் சத்தம் என் வீட்டுக்குள் கேட்கும். என் மேசையைச் சுற்றி ஒருவரும் அப்படிச் சிரித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை அந்தச் சிரிப்பில் என் மனைவியின் சிரிப்பும் கேட்டது.

மத்தியானம் சாப்பாட்டில் கேட்டேன். "அங்க என்ன கதைச்சனீர்?"

"அவ வரி எண்டா என்ன, ஆர் கட்டுறது எண்டு சொன்னவ. நான் ரெண்டு கேள்வி கேட்டனான்."

"முப்பத்தஞ்சு வருஷமா என்னட்ட ஒரு கேள்வியும் கேட்டதில்லையே?"

பருப்பைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். "நீங்கள் கதைச்சா கேக்க நல்லா இருக்கும். அவ கதைச்சா விளங்குது."

அரசியல் வேறுபாடு, கொள்கை முரண்பாடு என்றெல்லாம் கட்சிக் கிளைக் கூட்டத்தில் பேசிப் பார்த்தேன். எனக்குள் இருந்தது பொறாமை. மெக்கானிக் போனதைப் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை.

அந்த வருஷத்து இடாப்புப் படிவங்கள் வந்தபோது எதிர்வீட்டுத் தகப்பன் வழக்கம்போல வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துத் தந்துவிட்டுப் போனார். தகப்பன் பெயரை எழுதினேன். தாயின் பெயரை எழுதினேன். அவளுக்கென்றிருந்த மூன்றாவது கோட்டில் பேனையை வைத்தேன், எடுத்தேன். கீழே ஒரு கோடு இழுத்து முடித்தேன். வேறொன்றும் செய்யவில்லை. அடுத்த படிவத்தை எடுத்து மெக்கானிக் வீட்டு ஐந்து பேரையும் முத்து முத்தாக எழுதினேன்.

தேர்தல் வந்தது. இருபத்தெட்டு வீடுகளுக்கும் போனேன். "அங்கிள், நீங்கள் சொல்லவும் வேணுமே?" என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் பால் தேத்தண்ணி தந்தார்கள். அதுவரை எனக்குப் பால் விடாத பிளேன் டீதான் தருவார்கள், சொந்த ஆளுக்கு என்ன உபசாரம் என்று. பிழையொன்று செய்யப்போகிறவன் அளவுக்கு மீறி உபசரிப்பான் என்பதைப் புதுக்கடையில் எத்தனை முறை கண்டிருப்பேன். அன்றைக்கு அது மூளையில் ஏறவில்லை. நன்றாகக் குடித்துவிட்டு, ஒழுங்கை எங்கள் பக்கம்தான் என்று கட்சிக்கு அறிவித்தேன்.

வாக்காளர் அட்டை எல்லாருக்கும் வந்தது, அவளுக்கு வரவில்லை. தகப்பனிடம் போகாமல், தபாலகத்துக்குப் போகாமல், நேரே என்னிடம் வந்தாள்.

"அங்கிள், எனக்குக் காட் வரேல்லை. என்ன செய்யிறது?"

"தபாலில பிந்தியிருக்கும் பிள்ளை. காட் இல்லாட்டியும் காரியமில்லை, அடையாள அட்டை காணும்."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

வாக்களிப்பு எங்கள் பக்கத்துப் பாடசாலையில் நடந்தது. கட்சி முகவர்களுக்கென்று போட்ட கதிரையில் இடாப்போடு நான் இருந்தேன். ஒவ்வொருவரும் உள்ளே வந்ததும் அதிகாரி இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிப்பார், நாங்கள் எங்கள் இடாப்பில் அடையாளம் போட்டுக்கொள்வோம். பத்து மணி போல அவள் தாய் தகப்பனோடு வந்தாள். தகப்பன் பெயரை வாசித்தார்கள். தாயின் பெயரை வாசித்தார்கள். அவளுடைய அடையாள அட்டையை வாங்கிய அதிகாரி பக்கத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நம நே மிஸ்" என்றார். பெயர் இல்லை.

"இருக்கவேணும்," என்று அவள் சிங்களத்தில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்கள் ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். இல்லாத பெயரை விரல் வைத்துத் தேடினேன். ஒழுங்கைச் சனம் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கட்சி முகவரும் தன் இடாப்பைப் புரட்டினான்.

"இல்லைப் பிள்ளை," என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அடையாள அட்டையைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, தாயும் தகப்பனும் வாக்குப் போட்டு முடியும்வரை வாசலோரம் ஒதுங்கி நின்றாள். ஆறு மாதமாக வீடு வீடாகப் போய் வாக்கின் பெறுமதி பற்றிக் கதைத்தவள், அங்கே தனக்கொரு வாக்கில்லாமல் நின்றாள். நான் இடாப்பைப் பார்த்தபடியே இருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு எங்கள் கட்சியின் மற்ற முகவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என் வாக்கைப் போடப் போனேன். மட்டைத் தடுப்புக்குப் பின்னால் பென்சிலோடு வெகுநேரம் நின்றேன். எங்கள் கட்சிக்கு நேரே என் கை தானாகவே போகும், முப்பது வருஷப் பழக்கம். அன்றைக்குக் கையைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. அவளுடைய கட்சிக்கு நேரே புள்ளடி போட்டேன். பொறாமை தீர்ந்து போடவில்லை. ஒரு வாக்கைப் பறித்திருந்தேன், திருப்பி வைக்க என்னிடம் இருந்ததும் ஒரு வாக்குத்தான். கடதாசியை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு என் கதிரைக்குத் திரும்பி, எங்கள் கட்சிக்காக மிச்ச இடாப்பைப் பார்த்தேன்.

மறுநாள் முடிவு வந்தது. நாடே அவளுடைய கட்சிப் பக்கம் போயிருந்தது, எங்கள் தொகுதியும் அப்படியே. ஒழுங்கைக்கென்று தனியாக எண்ணுவதில்லை, ஆனால் எண்ணத் தேவையும் இருக்கவில்லை. வெடி கொளுத்தியது, எனக்கு ஏலக்காய் போட்டுப் பால் தேத்தண்ணி தந்த வீட்டில். எதிர்வீட்டில் பாற்சோறு கிண்டினார்கள். என் மனைவி அங்கே போய், ஒரு தட்டில் எனக்கும் கொண்டுவந்தாள்.

"பெயர் விடுபட்டதைப் பற்றி அங்க கதைச்சவையோ?" என்று கேட்டேன்.

"கதைக்காமல்? ஃபோம் நிரப்பினது நீங்கள் எண்டு எல்லாருக்கும் தெரியுமே. மெக்கானிக் துள்ளினவர். அவதான் அமத்தினவ. 'அங்கிள் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை, வயசு போட்டுது, மறந்திருப்பார், பாவம்' எண்டு சொன்னவ." தட்டை மேசையில் வைத்தாள். "இனி ஃபோமெல்லாம் தானே நிரப்பித் தாறாவாம். உங்களை இனிக் கரைச்சல் படுத்தக் கூடாதாம்."

"நீர் எங்க போட்டனீர்?"

"அது என்ட விஷயம்," என்றாள்.

மறந்திருப்பார். பாவம். சோதனைக் காலத்தில் ஒரு பெயரை விடாதவன் நான். எந்த வீட்டில் யாருக்கு என்ன முதலெழுத்து என்று இன்றைக்கும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சனத்தைக் கொண்டுபோனாள், வாக்கைக் கொண்டுபோனாள், இப்போது என் ஞாபகத்தையும் கெடுத்துவிட்டு அதை இரக்கமென்று வேறு சொல்கிறாள். செருப்பைக்கூடப் போடாமல் ஒழுங்கையைக் கடந்தேன். என் மனைவி பின்னால் ஓடி வந்தாள்.

முன்னறையில் வாங்குகள் நிறையச் சனம், கையில் தட்டுகள். அவள் எழுந்து, "வாங்கோ அங்கிள், இருங்கோ" என்றாள்.

"நான் மறக்கேல்லை," என்றேன். "எனக்கு ஒண்டும் மறக்காது. உம்மட பேரை வேணுமெண்டுதான் விட்டனான்."

ஒருவரும் சாப்பிடவில்லை. வெட்கப்பட்டு ஒப்புக்கொண்டேன் என்று நினைக்கவேண்டாம். மறதிக்காரன் என்ற பெயரைத் தாங்க ஏலாமல் சொன்னேன். மெக்கானிக் தட்டை வைத்துவிட்டு எழும்பினார். அவள் கையைக் காட்டி அவரை இருத்தினாள். அவள் முகத்தில் முதன்முதலாகக் கோபத்தைக் கண்டேன்.

"ஏன் அங்கிள்?"

"பொறாமை," என்றேன். வேறு சொல் வரவில்லை.

அவள் கையிலிருந்த தட்டை வாங்கில் வைத்தாள். "அப்ப என்ட வோட்டு?"

"அதை நான் போட்டிட்டன். என்ட வோட்டை உங்கட ஆக்களுக்குப் போட்டனான்."

மெக்கானிக் தொடையில் தட்டிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள், பாற்சோறு சிந்தச் சிந்த.

"அங்கிள்," என்றார் மெக்கானிக், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு நேரமும் உண்மையைக் கதைச்சிட்டுக் கடைசியில ஏன் ஒரு பொய்?"

நான் சத்தியம் செய்தேன். இன்னும் கூடச் சிரித்தார்கள். அவர்களுக்கு நடுவில், அந்தப் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு, என் மனைவியும் சிரித்தாள்.