வெளிப்பக்கம் பூட்டிய அறை

கணினி செய்து விற்கலாம் என்ற யோசனை என் தோழியுடையது. பேராதனையில் ஒன்றாகப் படித்தோம். அவள் கண்டிச் சிங்களப் பெண், நான் யாழ்ப்பாணத்தவள். பட்டம் கிடைத்தபோது யுத்தத்தால் எனக்கு ஊருக்குப் போகப் பாதை இல்லை, கொழும்பில் கெடுபிடி. ஆகவே கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு புடைவைக் கடையின் மாடியறையை வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் பக்கத்து ஊரான அலவத்துகொடயைச் சேர்ந்த முஸ்லிம். தோழி கொழும்புக்குப் போய் உதிரிப்பாகங்கள் வாங்கி வருவாள். அவற்றைப் பொருத்துவது என் வேலை.

ஆரம்பத்தில் தொலைபேசியையும் நானே எடுத்தேன். என் சிங்களத்தைக் கேட்டுச் சிலர் எந்த ஊர் என்று விசாரித்தார்கள். விசாரித்தவர்கள் மறுபடி எடுக்கவில்லை. அதோடு அதைத் தோழியிடம் விட்டேன்.

நகரத்தில் குண்டு வெடித்த பிறகு தேடுதல்கள் தொடங்கின. வயரும் பற்றரியும் நிறைந்த அறையில் ஒரு தமிழ்ப் பெண் தனியே இருப்பதை யாருக்கு விளக்குவது? தோழி வெளியே போகும்போது கதவை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போவதென்று முடிவு செய்தோம். பூட்டுத் தொங்கினால் யாரும் தட்டமாட்டார்கள். சாப்பாடும் தண்ணீரும் உள்ளே இருக்கும். ஒரு வாளியும் இருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. மூடிய சன்னலுக்குக் கீழே பஸ் கண்டக்டர்மார் தெல்தெனிய, தெல்தெனிய என்று கூப்பிடுவார்கள். ஏறிப் போய்விடலாம் போலிருக்கும். தெல்தெனியவில் எனக்கு யாருமில்லை.

தோழி கொழும்புக்குப் போயிருந்த ஒரு நாள், பூட்ஸ் சத்தம் படியேறி வந்தது. மேலே வெறும் சாமான் அறை, பூட்டின் திறப்பு தன்னிடம் இல்லை என்று கடைக்காரர் பொலிசாரிடம் சொல்வது கேட்டது. நான் கதிரையில் அசையாமல் இருந்தேன். மேசையில் ஒரு கணினி ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் திரும்பி இறங்கும்போது கரண்ட் போனது. கரண்ட் போனாலும் கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவைக்கும் பற்றரிப் பெட்டி ஒன்று வைத்திருந்தோம். அது விட்டுவிட்டுக் கீச்சிடத் தொடங்கியது.

வெளியே யாரோ குண்டு என்று, எல்லோரையும் பின்னால் போகச் சொல்லிக் கத்தினார்கள். பெட்டியை நிறுத்தினால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடும். நிறுத்தாவிட்டால் சுடுவார்கள். விரல் பொத்தான்மேல் இருந்தது, அழுத்த வரவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உரத்துச் சொன்னேன்.

“உள்ளே நான் இருக்கிறேன். இது கொம்பியூட்டர் சத்தம். சுட வேண்டாம்.”

பூட்டை உடைத்து என்னைக் கூட்டிப்போனார்கள். பெட்டியைப் பற்றி நான் சொன்னதை நிலையத்தில் நம்பினார்கள். என்னை யார் பூட்டியது என்பதற்குத்தான் என் பதில் போதவில்லை. நாங்களே பூட்டினோம் என்றேன். பின்னேரம் தோழி வந்து அதையே சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டு அவளிடம் கேட்டார்:

“இவள் உன்னுடைய சிநேகிதியா, வேலைக்காரியா?”

அவள் அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு எங்களை விட்டார்கள்.

கடைக்காரர் மறுநாளே அறையைக் கேட்டார். “மகள், ஒங்கட மேல எனக்குக் கோவமில்ல. எனக்கும் புள்ளகுட்டி ஈக்கி” என்றார். நான் தலையாட்டினேன்.

பேராதனையில் தோழியின் வீட்டு முன்னறைக்கு மாறினோம். அங்கே கதவு திறந்தே இருந்தது. கனடாவிலிருந்து அண்ணா தொலைபேசி எடுத்தால் மட்டும், அயலுக்குத் தமிழ் கேட்காமல் பேசும்படி தோழியின் தாயார் அன்பாகவே சொல்லியிருந்தார். அண்ணா எதைக் கேட்டாலும் ஓம் என்றேன். சுகமாக இருக்கிறாயா என்றார், ஓம். வியாபாரம் போகுதா என்றார், அதற்கும் ஓம். அது பொய்யில்லை, வியாபாரம் நன்றாகவே போனது.