விதைநெல்லுக்குள் பெருகியவை

சண்டைக்காலம். அரிசி கிடைக்காத வருடம். எலி பிடிக்கும் மனிதர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். புருவமே இல்லாத முகம். எதிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கதைப்பார். எங்கள் விதைநெல் இருந்த பெட்டகத்திலும் காதை வைத்தார்.

“உள்ளுக்கை சுண்டெலி குட்டி போட்டிருக்கு. கொல்லட்டே?”

“ஐயோ, பிள்ளையாற்றை வாகனமெல்லோ! வேண்டாம்,” என்றாள் மனைவி. நானும் ஓம், வேண்டாம் என்றேன்.

“பிள்ளையார் ஒண்டிலைதானே ஏறுவார், தங்கச்சி? உது குட்டிக்குப் பால் குடுக்கேக்கையே அடுத்த சூல் கொள்ளும். அந்தக் குட்டியளும் வளந்து முடிய முன்னம் தாயாகியிடும். சரி, நான் வாறன்.”

சிரிக்காமல்தான் சொன்னார்.

விதைப்புக்குப் பெட்டகத்தைத் திறந்தோம். நெல் இல்லை, உமிதான் இருந்தது. அந்த உமி அசைந்துகொண்டிருந்தது.

அந்த மனிதரை மறுபடி கூப்பிட எனக்கு முகம் இல்லை. பிள்ளையாரிடம் முறையிடவும் வாய் வரவில்லை.