மூன்றில் ஒரு பங்கு பாரம்

லிஃப்ட்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நடுவழியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்கள் முதலில் தேடுவது அவரைத்தான்; வெளியே வந்ததும் முதலில் மறப்பதும் அவரைத்தான். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிற மனிதர், தன் வாடகை வீட்டுக்கு மூன்று மாடி படியேறித்தான் போவார்.

"லிஃப்ட்காரர் பொண்டாட்டிக்கு மூட்டுவலின்னா டாக்டரே சிரிக்கிறார்" என்பாள் மனைவி. சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை அவளுக்கு. காலையிலிருந்து மாலை வரை டியூப்லைட்தான் அவளுக்குச் சூரியன்.

அதனால்தான் அந்த நாலாவது மாடி வீடு அவளுக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. அவர் மாதாமாதம் லிஃப்டைப் பராமரிக்கும் கட்டடம். விற்பனைக்கு வந்ததும் அழைத்துப் போய்க் காட்டினார். இரண்டே அறைதான். ஆனால் சமையலறையில் பெரிய ஜன்னல். வெயில் அடுப்பு மேடை வரை வந்து விழுந்தது. "பகல்ல லைட்டே போட வேண்டாம்ங்க" என்று நாலு தடவை சொன்னாள்.

வங்கி கடன் கொடுக்கும். முன்பணத்தை மட்டும் வாங்குகிறவர் போட வேண்டும். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு அதில் பாதியை அரசாங்கமே கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. மறுபாதியை இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துவிட்டார்கள். விண்ணப்பத்தோடு வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போனபோதுதான் சட்டம் மாறியிருப்பது தெரிந்தது.

"முன்னாடி உங்க பேர்ல வீடு இருக்கான்னு மட்டும்தான் சார் பார்ப்போம்" என்றார் அங்கே இருந்த அலுவலர் அம்மா. "இப்போ புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் ஒண்ணா பார்க்கணும். உங்க மனைவிக்கு அப்பா வீட்டுல பங்கு இருக்கே?"

"அப்பா போனப்புறம் வந்த மூணுல ஒரு பங்கு மேடம். மீதி ரெண்டும் அவ அண்ணன்கிட்ட. நாங்க அங்க ஒரு நாள் தங்கினதுகூட இல்ல."

"தங்கினீங்களான்னு சட்டம் கேட்கல சார். பேர் இருக்கான்னுதான் கேட்குது."

"பேரை எடுத்துட்டா?"

"சட்டம்தான் வந்திருக்கு, விதிமுறை இன்னும் வரல. வந்தாத்தான் சொல்ல முடியும். பொறுங்க."

பொறுப்பதா? வீட்டை விற்கிறவர் தினமும் போனில் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரருக்குத் தெரிந்த நியாயம் ஒன்றே ஒன்று: பாரம் அதிகமானால் மணி அடிக்கும், கதவு மூடாது; ஒரு ஆள் இறங்கினால் மணி நிற்கும், லிஃப்ட் கிளம்பிவிடும். இருபது வருடமாக அது பொய்த்ததே இல்லை.

"அந்தப் பங்கை இறக்கி வச்சிடு" என்றார் மனைவியிடம். "கதவு தானா மூடும்."

"விதிமுறை வரட்டும்னாங்களே?"

"அதுக்குள்ள உன் ஜன்னலை வேற ஒருத்தி திறந்துடுவா."

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். பங்கைப் பிரிக்கச் சொல்லி அவள் கேட்டபோதெல்லாம் "சுவத்தை உடைச்சுக் கையில குடுக்கவா?" என்று எகிறிய அண்ணன், இப்போது மறுநாளே கார் அனுப்பினார். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயாராக இருந்தது. "பணம் கிணம் அப்புறம் பார்த்துக்கலாம் மாப்பிள்ளை. முதல்ல உங்களுக்கு வீடு அமையட்டும்" என்றார். பதிவு அலுவலக வாசலில் தன் காசில் காபியும் வாங்கித் தந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து மச்சான் கையால் லிஃப்ட்காரர் குடித்த முதல் காபி அது.

அடுத்த மாதம் விதிமுறை வந்தது. அலுவலர் அம்மா அதை இரண்டு தடவை படித்துக் காட்டினார். விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் உறவினருக்கு எழுதிக் கொடுத்த சொத்து, எழுதிக் கொடுத்தவருடைய சொத்தாகவே கொள்ளப்படும்.

"நாலஞ்சு வீடு வச்சிருக்கிறவங்க தம்பி பேர்ல, மச்சினி பேர்ல மாத்தி எழுதிட்டு உதவி வாங்கினாங்க சார். அவங்களைப் பிடிக்கத்தான் இது."

"பிடிச்சுட்டீங்களா மேடம்?"

அலுவலர் அம்மா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "இன்னொண்ணும் இருக்கு. வாரிசா வந்த பங்கு பாதிக்குக் குறைவா இருந்தா, அது கணக்குல வராது."

"அப்போ... எழுதிக் குடுக்காம இருந்திருந்தா?"

"பிரச்சினையே இல்ல சார். உதவி கிடைச்சிருக்கும்."

"வச்சிருந்தா கணக்குல வராத பங்கு, குடுத்தா மட்டும் எப்படி மேடம் கணக்குல வரும்?"

"அது வேற பிரிவு, இது வேற பிரிவு."

அங்கிருந்து நேராக மச்சான் வீட்டுக்குப் போனார்கள். பங்கைத் திருப்பி எழுதித் தரும்படி தங்கை கேட்டாள். அழைப்பு மணி கேட்டு வந்தவர் கிரில் கதவைத் திறக்கவேயில்லை.

"வீட்டை அடமானம் வச்சுட்டேன்மா. சட்டம் மாறினதுக்கு நான் என்ன செய்வேன்? மாப்பிள்ளை விவரமானவர்னுல நினைச்சேன்."

அன்றைக்குக் காபி இல்லை.

நாலாவது மாடி வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். பராமரிப்புக்குப் போனால் ஒவ்வொரு மாடியிலும் நிறுத்திக் கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். எந்த மாடியையும் விட முடியாது. நாலில் கதவு விலகும்போது எதிரே அந்த வாசல் இருக்கும். புதுக் கால்மிதி, ஒரு குழந்தையின் சைக்கிள். லிஃப்ட் தளம் மட்டமாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஐந்தை அழுத்துவார்.

அப்படிப் போய்விட்டு வந்த ஒரு மாலை, மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தவருக்கு மனைவி தண்ணீர் கொடுத்தாள்.

"இன்னைக்கு அங்கதானா?"

"ஆமா."

"சமையல் ரூம் ஜன்னல் திறந்திருந்துச்சா?"

"லிஃப்ட்ல இருந்து பார்த்தா அது எப்படித் தெரியும்?"

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு அதுல இருந்து பார்த்தா எதுதான் தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு, லைட்டைப் போட்டு அடுப்படிக்குள் போனாள்.