விஸ்வநத்தத்துக்கு வந்த மலிவு டிரம் செட்டு

புதுசாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு மலிவு டிரம் செட்டு போதுமா என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். "வாங்குறவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்றுதான் முதலில் கேட்பேன். ஏனென்றால் வாசிக்கிறவன் ஒருத்தன், அந்தச் சத்தத்தோடு குடும்பம் நடத்துகிறவள் இன்னொருத்தி.

அறுபதுகளின் தொடக்கம் அது. விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்தவரின் இரண்டாவது மகள் நான். சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் வாக்கப்பட்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. தங்கமான மனுஷன்தான், ஆனால் கையும் காலும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. சோற்றுக்கு உட்கார்ந்தால் தட்டில் தாளம், பஸ் ஏறினால் முன் சீட்டுக் கம்பியில் தாளம். ஊரில் ஆர்மோனியம் வாசிக்கிற ஒருத்தரும் பாடுகிற ஒருத்தரும் சேர்ந்து கல்யாண வீடுகளில் கச்சேரி செய்ய ஆரம்பித்தார்கள். உடனே இவருக்கு டிரம் பைத்தியம் பிடித்துவிட்டது.

மெட்ராஸில் விற்கிற நல்ல செட்டின் விலையை விசாரித்துவிட்டு வந்து இரண்டு நாள் சோற்றுத் தட்டில்கூடத் தாளம் போடவில்லை. மூன்றாம் நாள் மதுரைக்குப் போனார். அங்கே வாத்தியம் ரிப்பேர் பார்க்கிற ஒருத்தர் தானே செய்து வைத்திருந்த செட்டைக் கால் விலைக்கு வாங்கி வந்து இறக்கினார். பெரிய டிரம்மின் உடம்பு தேயிலைப் பெட்டிப் பலகை. கம்பியில் மாட்டியிருந்த பித்தளைத் தட்டு எங்கள் வீட்டுத் தாம்பாளத்தைவிட மெலிசு. காலால் மிதிக்கிற கட்டை மிதிக்கு ஒரு தரம் "கீச்" என்றது. மிதிக்க மிதிக்க டிரம் முன்னால் நகரும், இவரும் ஸ்டூலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போவார். அடுப்படி வாசல் வரை வந்துவிட்டார் ஒருநாள். கடைசியில் டிரம்மையும் ஸ்டூலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிப்போட்டார்.

"கத்துக்கிறவனுக்கு இது போதும் பிள்ள. கை வந்த பிறகு நல்லதா வாங்கிக்கிடலாம்" என்றார்.

"கத்துக்கிறவுகளுக்குத்தான் நல்ல சாமான் வேணும். தெரிஞ்சவுக எதுல வேணாலும் வாசிச்சிருவாக. நீங்க தப்பா வாசிக்கிறீகளா, இந்தக் கட்டை தப்பா வாசிக்குதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீக?"

நியாயமான கேள்வி. அவரோ குச்சியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் எது விழுந்து சத்தம் கேட்டாலும், விழவிட்டவர் அதே மூச்சில் கத்திச் சொல்லிவிட வேண்டும். "ஒண்ணுமில்ல, குடம்!" "ஒண்ணுமில்ல, கதவு!" வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு தாங்காது. குடம் விழுந்ததை ஊருக்கு எதுக்குச் சொல்லணும்?

செட்டு வந்த மறுநாள் சாயங்காலம் கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தேன். "தொம்" என்று ஒரு சத்தம். அன்றைக்கு அவர் வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டது எனக்குத் தெரியாது. கம்பெனியில்தான் வெடித்துவிட்டது என்று குடத்தை அப்படியே போட்டுவிட்டு அங்கே பார்த்து ஓடினேன். நான் மட்டுமா? தெருவிலிருந்த அத்தனை பொம்பளைகளும் ஓடினோம். முன்னால் ஓடுகிறவள் யாரென்று பார்க்கக்கூட யாருக்கும் நினைப்பில்லை. அவரவர் வீட்டு ஆள் எந்த ஷெட்டில் இருக்கிறான் என்பது ஒன்றுதான் மனசில். பாதி வழியில் பின்னாலிருந்து என் தோளை ஒரு கை பிடித்தது. திரும்பினால் இவர், மூச்சு வாங்க நிற்கிறார். உயிரோடு நிற்கிற புருஷனைப் பார்த்துச் சந்தோஷப்படணுமா வேண்டாமா? நான் அவர் நெஞ்சிலேயே நாலு குத்துக் குத்திவிட்டு, நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன்.

தெருவே கூடி அவரை வாங்கு வாங்கென்று வாங்கியது. பிறகு, வாசிக்கலாம், ஆனால் பெரிய டிரம்மை மிதிக்கும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவானது. அதற்கப்புறம் தினமும் எங்கள் வீட்டில் இதுதான். தொம். "ஒண்ணுமில்ல, டிரம்மு!" கீச். தொம். "ஒண்ணுமில்ல, டிரம்மு!" பக்கத்து வீட்டுக் குழந்தை "அம்மா" என்று சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லக் கற்றுக்கொண்டது.

இந்தச் சமயத்தில்தான் விருதுநகரில் என் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தது. அக்கா வீட்டுக்காரர் அப்பாவுக்கு ரேடியோ வாங்கிக் கொடுத்துப் பெயர் வாங்கியவர். ஏற்கெனவே, "சகலை இப்ப தகர டப்பா தட்டுறாராமே" என்று கேட்டுச் சிரித்திருந்தார். அது எனக்கு நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. இவரோ, "சாயங்காலக் கச்சேரி எங்களோடதுதான்" என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார்.

"எங்க ஆளுக முன்னால மானம் போச்சுன்னா, மறுநாளே செட்டை மதுரைக்காரர்ட்ட திருப்பிக் கொடுத்திரணும். சம்மதமா?" என்றேன். பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்வதாக அந்த மதுரைக்காரர் சொல்லியிருந்தார்.

அவர் டிரம் மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "சரி" என்றார். அது இல்லாவிட்டால் அவர் முகம் எப்படி ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அப்படியொரு ஆங்காரம் எனக்கு அப்போது.

கல்யாணத்தன்று முதல் பாட்டில் பெரிய டிரம்முக்கு வேலையே இல்லை. சின்ன டிரம்மில் குச்சி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அப்பாவே தலையாட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டாவது பாட்டின் எடுப்பே பெரிய டிரம்தான். தொம் என்று ஓங்கி மிதித்தார். அடுத்த நொடி மைக்கில் பந்தல் முழுக்கக் கேட்டது: "ஒண்ணுமில்ல, டிரம்மு!"

பந்தலே குலுங்கிச் சிரித்தது. "அதான் தெரியுதே சகலை!" என்று முன்வரிசையிலிருந்து அக்கா வீட்டுக்காரர் கத்தினார். இவர் குனிந்த தலை நிமிரவில்லை. மிச்சப் பாட்டுக்கெல்லாம் பெரிய டிரம்மைத் தொடவே இல்லை.

மறுநாள் காலையில் நான் சொல்லாமலே டிரம்களைப் பழைய சேலையில் மூட்டை கட்டினார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். வழி நெடுக நான்தான் பேசினேன்.

"அங்கன கத்துற கத்தலை இங்கன வந்தும் கத்தணுமா? இது விருதுநகரு! டிரம்மு சத்தத்துக்கு இங்கன யாரு ஓடப்போறா?"

"நீ எந்திரிச்சிட்டியே" என்றார்.

"நானா?"

"மிதிச்ச உடனே பார்த்தேன். அம்புட்டுப் பேருல நீ ஒருத்திதான் எந்திரிச்சு நின்ன. கையில இருந்த சந்தனக் கும்பா கீழ விழுந்துச்சு. எங்க ஓடிருவியோன்னுதான் சொன்னேன்."

அன்று காலையில் சேலையை மடிக்கும்போது கொசுவம் முழுக்கச் சந்தனம். எவளோ கொட்டிவிட்டாள் என்று வீட்டிலிருந்த அத்தனை பேரையும் ஏசியிருந்தேன்.

மதுரை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கண்டக்டர் மூட்டையைப் பார்த்துவிட்டு, "மேல ஏத்தணுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இவர் கொடுக்கப்போன மூட்டையைப் பிடுங்கி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"இது மதுரைக்கு இல்லண்ணே. சிவகாசி வண்டி எங்கன நிக்குது?" என்று கேட்டேன்.