நேர்ந்துவிட்ட மாடு

செக்ரட்டரி அம்மா பயந்து நான் பார்த்தது ஒரே முறைதான். கோயில் மாடுகளைக் கட்டும் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். தாலுகா ஆபீஸில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுகிறவர், அன்று கைப்பையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகாமல் நின்றார். நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. அவரே பயப்படுகிறார் என்று தெரிந்ததும் நான் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. டீச்சர் வேலையை உதறிவிட்டுத் திருவண்ணாமலையில் அவர் செக்ரட்டரியாக இருந்து நடத்திவந்த சின்ன மகளிர் சங்கத்தில் நான் ஊர் ஊராகப் போய் வரும் பணியாளர். மெட்ராஸிலிருந்த ஓர் அறக்கட்டளை, அடி அண்ணாமலை கிராமத்தில் பத்துக் குடும்பங்களுக்குக் கறவை மாடு வாங்க நிதி கொடுத்தது. அவை நல்லபடியாக இருந்தால் இன்னும் பத்துக் குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள். மூன்று வருஷத்துக்கு மாட்டை விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ கூடாது என்பது நிபந்தனை. கார்த்திகை தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் வாங்கினோம். தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசப் போனார்கள். செக்ரட்டரி அம்மா துண்டை உருவி, "வாயத் தொறந்து வெல சொல்லுங்க. இது ஊருக்குன்னு குடுத்த பணம்" என்றார். தரகர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்விட்டே விலை சொன்னார்கள். இந்த அம்மாவுக்கு உலகத்தில் யாரிடமும் பயம் கிடையாது என்று நான் முடிவுகட்டியது அன்றைக்குத்தான்.

ஆறேழு மாதம் போயிருக்கும். அறக்கட்டளை அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்ததும், முன்கூட்டி ஒரு சுற்றுப் பார்த்துவரக் கிளம்பினேன். ஒன்பது வீட்டில் மாடு இருந்தது. தெருக்கோடி வீட்டில் மாடு கட்டும் முளைக்குச்சி மட்டும் இருந்தது. அந்த வீட்டு அக்கா முகம் நிறையச் சிரிப்போடு வெளியே வந்து, மாட்டைக் கன்றோடு கோயிலுக்கு ஓட்டிப் போய் விட்டுவிட்டதாகச் சொன்னார். முந்தைய வருஷம் அவருடைய மகளுக்குக் காய்ச்சல் கண்டு பிழைப்பாளா என்ற நிலை. அப்போது அண்ணாமலையாருக்கு ஒரு மாடு விடுவதாக வேண்டிக்கொண்டாராம்.

"மாடு வாங்க எங்கிட்ட ஏதுங்க வழி? அவரே உங்க கையில குடுத்தனுப்புனாரு. அவரு மாட்ட அவருகிட்ட சேத்துட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்த கூலியில் கஞ்சி குடித்துக்கொண்டு, தங்கள் முறை வரும் என்று கொட்டகையெல்லாம் போட்டு வைத்திருந்த அடுத்த பத்துப் பெண்களின் முகம் வரிசையாக வந்து போனது. அதிகாரி வரும் அன்றைக்கு மட்டும் தன் மாட்டைக் கொண்டுவந்து அங்கே கட்டுவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு உள்ளூரச் சபலம்தான். செக்ரட்டரி அம்மாவிடம் சொன்னபோது, "பொய் சொல்லி ஒரு மாடும் வரவேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

வந்த அதிகாரி மோசமானவர் இல்லை. காலி முளைக்குச்சியைப் பார்த்தார், நடந்ததைப் பொறுமையாகக் கேட்டார். "எனக்குப் புரியுதும்மா. மேல இருக்கிறவங்களுக்கு நான் எப்படிப் புரியவைக்கிறது? மாட்டைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க. இல்லேன்னா அடுத்த பத்துக்கு நான் சிபாரிசு பண்ண முடியாது" என்றார். ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

அப்படித்தான் அந்தக் கொட்டகை வாசலுக்கு வந்து சேர்ந்தோம். உள்ளே எங்கள் மாடு, காதோரம் வெள்ளை விழுந்த அதே மாடு, புல் தின்றுகொண்டிருந்தது. அவர் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"போய் கேட்டுப் பாக்கலாங்களா?" என்றேன்.

"கேட்டா குடுத்துடுவாங்க. அதாம்மா எனக்கு பயமா இருக்கு" என்றார். "சாமிக்கு விட்டத ஓட்டிக்கினு போயி, நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு தலவலி வந்தாகூட அவ அம்மா என்ன நெனைப்பா? நான்தான் என்ன நெனைப்பேன்?"

கோயிலுக்குப் போனால் அர்ச்சனைச் சீட்டுகூட வாங்காதவர் அவர். ஆனால் அன்று அவர் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. மாட்டைக் கேட்காமலே திரும்பி வந்தோம்.

மறுநாள் காத்திருந்த பத்துப் பேரையும் கூட்டி நடந்ததைச் சொன்னார். என்ன செய்யலாம் என்று அவர்களையே கேட்டார். சத்தம் போடுவார்கள், தெருக்கோடி அக்காவைப் பிடித்துத் திட்டுவார்கள் என்று நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். அவர்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி எழுந்தாள்.

"அந்த மாட்டக் கேக்காதீங்கம்மா. சாமிகிட்ட புடுங்கித்தான் எங்களுக்கு வரணும்னா எங்க வூட்டுக்கு வேணாங்க. எங்களுக்கும் புள்ளைங்க இருக்குது."

அதோடு நிதி நின்றது. போட்டு வைத்த கொட்டகைகளில் விறகு அடுக்கினார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் மல்லாட்டை உரிக்கப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், செக்ரட்டரி அம்மா சைக்கிள் ரிக்‌ஷாவை வேறு தெரு வழியாகப் போகச் சொல்லுவார். சாகும்வரை வேறு பல திட்டங்களுக்கு நிதி கேட்டு வாங்கினார், அடி அண்ணாமலைக்கு மட்டும் எதுவும் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அப்படி ஒரு நிதியை யாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும் இடத்தில் நான் இருக்கிறேன். வருமானம், நிலம், வங்கிக் கணக்கு எல்லாம் மற்றவர்கள் விசாரிப்பார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்பேன். "சாமிக்கு வேண்டுதல் ஏதாவது பாக்கி இருக்குதாம்மா?" பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. எல்லோரும் இல்லை என்றுதான் சொல்லிவந்தார்கள்.

போன வாரம் கீழ்பென்னாத்தூரில் ஒரு பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "சாமிக்கு ஒரு கன்னுக்குட்டி பாக்கி இருக்குதுங்க" என்றாள். சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. அவளுக்கு ஒரு கறவை மாடு என்று எழுதியிருந்ததற்குக் கீழே, கூடவே ஒரு கன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று மேலே கேட்பார்கள். கேட்கட்டும், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.