ரோலர் சத்தத்தைக் கேட்ட முதல் அந்நியர்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் வேலை பார்த்தேன். டெலிபோன், ஃபேக்ஸ், போட்டோகொப்பி, மூலையில் இன்டர்நெட் உள்ள ஒரு கம்ப்யூட்டர். யாருக்காவது ஈமெயில் கணக்குத் திறந்து கொடுத்தாலே 'இன்ஜினியர்' என்று கூப்பிட்ட காலம். நானும் மறுக்கவில்லை.

அந்தப் பட்டத்தை நம்பி வந்தவர்கள் என் நண்பனும் அவன் தங்கையும். அவனுக்கு ஹாலிஎல பக்கத்துத் தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவள் பாலர் பாடசாலை ஆசிரியை. கொழுந்து அரைக்கும் ரோலரின் சத்தத்தை அவன் பதிவு செய்து வருவான். அவள் அதைக் கம்ப்யூட்டரில் வெட்டி, ஒட்டி, தாளம் சேர்த்து இசையாக்குவாள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டின் முன்னறையிலிருந்தே எலக்ட்ரோனிக் இசை வெளியிடும் ஒரு லேபல் நடத்தினார்கள். யாரும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக் கேட்கலாம். ஒரே குறை, யாரும் இறக்கவில்லை.

அவளுக்குக் கொஸ்லந்தையில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது.

"அங்க போயும் இதச் செய்யணும்ணே. ஆனா, 'இத யாரு கேக்குறா?'ன்னு மாமியா கேட்டா நான் யாரக் காட்டுறது? நம்மளத் தெரியாத ஒரே ஒரு ஆளு கேட்டாலும் போதும்" என்றாள்.

புதிய தொகுப்பை உலகறியச் செய்யும் பொறுப்பை நெஞ்சை நிமிர்த்தி ஏற்றுக்கொண்டேன். 'உலகத் தரம்! உடனே கேளுங்கள்!' என்று ஆங்கிலத்தில் ஒரு விளம்பரம் எழுதி, கண்ணில் பட்ட இசை மன்றம், வலைப்பூ, இணைய வானொலி எல்லாவற்றிலும் அதையே ஒட்டினேன். ஒரு மன்றம் எங்களை வெளியேற்றியது. இன்னொன்றில், இதை எழுதுவது மனிதனா இயந்திரமா என்று சந்தேகம் கேட்டார்கள். இறக்கியவர் எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் ஏறியது. பார்த்தால், சரியாக இறங்குகிறதா என்று நானே சோதித்துப் பார்த்தவை.

இதற்கிடையில் கல்யாணத்துக்கு அழைக்க நண்பனோடு லயம் லயமாகப் போனேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் போய், தட்டில் வெற்றிலை பாக்கு நீட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் தரும் தேத்தண்ணியைக் குடித்தால்தான் அது அழைப்பு. ஒரு வீட்டுக்காரரிடம் மட்டும் முந்தின நாளே ரோட்டில் பார்த்து, "எல்லாரும் வந்துருங்க" என்று சொல்லித் தொலைத்திருந்தேன். அவர் கதவை மறித்து நின்றார்.

"ரோட்டுல வச்சுக் கூப்புட நாங்க என்னா பஸ்ஸுக்கா நிக்கிறோம்? இன்ஜினியர் தம்பிக்கு எங்க வீட்டு வாசல் தெரியாதோ?"

நண்பன் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே அழைத்துப் போனான். திரும்பி வந்து கல்யாணப் பெண்ணிடம் இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று நிறுத்திவிட்டு, "அண்ணே, இன்டர்நெட்லயும் இப்படித்தான் ரோட்டுல நின்னு கூப்புட்டீங்களா?" என்றாள்.



மறுநாளிலிருந்து, வாசலுக்கே போய்க் கூப்பிட ஒரு ஆளைத் தேடினேன். ஏதோ ஒரு குளிர் நாட்டிலிருந்து இணைய வானொலி நடத்திய ஒருவரின் நிகழ்ச்சிகளை, விட்டு விட்டு வரும் இணைப்பில், பொறுமையாகக் கேட்டேன். எந்த இடம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று அகராதியோடு மல்லுக்கட்டி எழுதினேன். கடைசியில்தான் எங்கள் இசையைப் பற்றிச் சொன்னேன்.

பதில் வந்தது. முழுத் தொகுப்பையும் கேட்டிருந்தார். 'பாட்டுகளுக்கு அடியில் முனகிக்கொண்டே இருக்கிறதே, அது என்ன?' என்று கேட்டிருந்தார். நண்பன் ரோலரைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தான். எழுதி அனுப்பினேன். அடுத்த நிகழ்ச்சியில் ஒலிபரப்பினார்.

மூன்று பேரும் கடைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். இசை துண்டு துண்டாக வந்தது. வெளியிலிருந்து முதலாளி கத்தினார்: "என்னடா, ஃபேக்ஸ் மெஷின் போயிருச்சா?"

"உஷ்!" என்று முதலாளியையே அடக்கினாள் அவள்.

கல்யாணம் முடிந்து கொஸ்லந்தைக்குப் போன வேனில், அலுமாரிக்கும் பாத்திரங்களுக்கும் நடுவில் கம்ப்யூட்டரும் ஏறியது. "இது என்னா, டீவியா?" என்றார் மாமியார்.

"இல்லங்கத்தே, நான் பாட்டுச் செய்யிறது. வெளிநாட்டுல ஒருத்தர் கேக்குறாரு."

அந்த மனிதரின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் யாராவது தாங்கள் செய்த ஒன்றைத் தயங்கித் தயங்கி என்னிடம் நீட்டும்போது, அவரைப் போலக் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று பாடுபட்டுக்கொண்டிருக்கிறேன்.